கேள்வி-பதில்: எண்ணெய்ச் சட்டியும் கப்பலும்

*கேள்வி: முறுக்கு சுட்டு மிஞ்சிய எண்ணெயில் கப்பல் ஓடும் என்கிறார்களே, நம்பலாமா?*
- பலகாரக்கடை வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாக நம்பலாம். 2019-ல் 'மெட்டே மெர்ஸ்க்' என்ற ராட்சத சரக்குக் கப்பல் ராட்டர்டாமிலிருந்து ஷாங்காய் போய்த் திரும்பியது. அதன் எரிபொருளில் 20 சதவீதம் வரை பழைய சமையல் எண்ணெயிலிருந்து தயாரித்தது.

*கேள்வி: அப்படியே வடிகட்டி டேங்கில் ஊற்றிவிடலாமா?*
- வாசகி, தேவகோட்டை

பதில்: கூடாது ஆச்சி. சமையல் எண்ணெய் கெட்டியானது, இன்ஜினின் நாசில் அடைத்துக்கொள்ளும். முதலில் எண்ணெயில் இருக்கும் தண்ணீரையும் பொரித்த தூளையும் நீக்க வேண்டும். பிறகு காஸ்டிக் சோடா போன்ற காரத்தைக் கரைத்த மெத்தனாலைச் சேர்த்து, மிதமான சூட்டில் கலக்க வேண்டும். அசையாமல் வைத்தால் இரண்டாகப் பிரியும். அடியில் கருந்தேன் போலத் தேங்குவது கிளிசரின், மேலே தெளிந்து நிற்பது பயோடீசல். நூறு கிலோ எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட நூறு கிலோ பயோடீசல் கிடைக்கும். பலமுறை காய்ந்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் காரம் போட்டால் பயோடீசலுக்குப் பதில் சோப்பு வரும். மெத்தனால் விஷம், சட்டென்று தீப்பிடிக்கும். வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

*கேள்வி: கப்பல் எங்கோ நடுக்கடலில் போகிறது. அதன் புகை நமக்கென்ன?*
- வாசகர், சிவகங்கை

பதில்: காற்றுக்குக் கரை தெரியாது. தவிர, கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதும் விளக்குக்கும் பம்புக்கும் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். துறைமுகத் தொழிலாளியும் பக்கத்துக் குடியிருப்பும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். 2019 வரை கப்பல் எரிபொருளில் 3.5 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம் என்று விதி இருந்தது, அதாவது ஒரு டன்னில் 35 கிலோ. 2020 ஜனவரி 1 முதல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதை 0.5 சதவீதமாக, 5 கிலோவாகக் குறைத்தது. தரமான பயோடீசலில் ஒரு டன்னுக்கு 10 கிராம்தான் உச்சவரம்பு. கிலோ எங்கே, கிராம் எங்கே! பயோடீசலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கரிப்புகையும் குறையும்.

*கேள்வி: குறையே இல்லாத எரிபொருளா?*
- கல்லூரி மாணவர், திருப்பத்தூர்

பதில்: குறை உண்டு. நைட்ரஜன் ஆக்சைடு பல இன்ஜின்களில் சற்றுக் கூடும். டீசலைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தி குறைவு. தண்ணீரை இழுத்துக்கொள்ளும், டேங்கில் கிருமி வளரும், பழைய ரப்பர் வாஷர் உப்பும், செம்பையும் பித்தளையையும் அரிக்கும். அரிப்பு என்றதும் நம் காரைக்குடி சிக்ரிதான் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நினைவுக்கு வருகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான ஆராய்ச்சி நிலையம். கடல்நீர் உலோகத்தைத் தின்னும் விதத்தை மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கிளை வைத்து ஆராய்ந்த அனுபவம் அதற்கு உண்டு. பயோடீசல் டேங்க் பற்றிய சந்தேகத்துக்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

*கேள்வி: எங்கள் ஐயா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போய்க் கொண்டுவிற்றவர். அந்தக் கடல் பக்கம் இந்த எண்ணெய் வந்துவிட்டதா?*
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வந்துவிட்டது, அதுவும் பெரிய அளவில். கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகிலேயே முதல் துறைமுகம் சிங்கப்பூர். அங்கே 2024-ல் விற்ற பயோடீசல் கலந்த கப்பல் எரிபொருள் சுமார் 8.8 லட்சம் டன். முந்தைய ஆண்டு 5.2 லட்சம். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்த ஊர் எண்ணெய்க் கணக்கிலும் நம்மை முந்திவிட்டது.

*கேள்வி: 2024 ஆகஸ்டில் நாகைக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் ஓடத் தொடங்கிய கப்பலுக்கு 'சிவகங்கை' என்று பெயர். அதில் சிவகங்கைச் சீமை எண்ணெயை ஊற்றினால் என்ன?*
- வாசகி, காளையார்கோவில்

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் என்னைத் துள்ள வைத்தது இதுதான்! இன்ஜின் தயாரித்த நிறுவனம் சம்மதித்து, தரச்சான்று பெற்ற பயோடீசலைக் குறைந்த அளவில் டீசலோடு கலந்தால் முடியக்கூடியதுதான். சில மணி நேரப் பயணம், போய்த் திரும்பி வரும் துறை, கெடுவதற்குள் தீர்ந்துவிடும் எரிபொருள். சோதனைக்கு இதைவிடத் தோதான பாதை வேறு இல்லை. செய்தே பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

*கேள்வி: எல்லோரும் எண்ணெய் கொடுத்தால் எல்லாக் கப்பலும் ஓடுமா?*
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: ஓடாது. இந்தியா முழுக்க ஆண்டுக்கு 220 கோடி லிட்டர் திரட்டலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. எடையில் அது சுமார் 20 லட்சம் டன். உலகக் கப்பல்கள் ஆண்டுக்குக் குடிப்பதோ 30 கோடி டன் அளவில். ஒரு சதவீதம்கூடத் தேறாது. அதனால்தான் படகுப் போக்குவரத்துக்கும், துறைமுகத்துக்குள் கப்பலை இழுக்கும் டக் படகுகளுக்கும் முதலில் கொடுங்கள் என்கிறேன். மனிதர் மூக்குக்குப் பக்கத்தில் இருக்கும் புகைதான் முதலில் ஒழிய வேண்டும்.

*கேள்வி: கறுத்த எண்ணெயை டின் டின்னாக வாங்க ஆள் வருகிறது. கொடுக்கலாமா?*
- சமையல் கான்ட்ராக்டர், கோட்டையூர்

பதில்: எங்கே போகிறது என்று கேட்டீர்களா அண்ணே? பெரும்பாலும் இன்னொரு சட்டிக்குத்தான். நீங்கள் தேன்குழலும் அதிரசமும் சுட்டு, போதும் என்று இறக்கிய எண்ணெயில் எவனோ ஒரு கூலிக்காரனின் பஜ்ஜி வேகிறது. எண்ணெய் நுரைத்து, பிசுபிசுத்து, சீக்கிரமே புகைந்தால் அதன் ஆயுள் முடிந்தது. எண்ணெய் காயக் காயச் சேரும் 'மொத்த முனைவுச் சேர்மம்' 25 சதவீதத்தைத் தாண்டினால், அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். அதை அளக்கும் கருவியின் முனையைச் சூடான எண்ணெயில் நனைத்தால் எண் தெரிந்துவிடும். அதே ஆண்டு ஆகஸ்டில், பழைய சமையல் எண்ணெயைத் திரட்டிப் பயோடீசலாக்கும் 'ரூகோ' திட்டமும் வந்தது. பொரிக்க நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிப்பவர்கள் பதிவேடு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். செட்டிநாட்டுக் கல்யாணத்தில் விருந்துக்குக் குறை வைக்காதவர்கள் நாம். பந்தி முடிந்ததும் எண்ணெயை யாருக்குக் கொடுத்தோம் என்பதையும் கான்ட்ராக்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆறவைத்து, வடிகட்டி, தண்ணீர் படாத டின்னில் கொடுங்கள். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டும் கலக்க வேண்டாம்.

*கேள்வி: பழைய எண்ணெய்க்கு நல்ல விலை வந்தால், புது எண்ணெயையே பழையது என்று விற்க மாட்டார்களா?*
- ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுவயல்

பதில்: விற்பார்கள். ஆசியாவிலிருந்து வரும் 'பழைய' எண்ணெயில் புதுப் பாமாயில் கலந்திருக்கிறதோ என்று ஐரோப்பாவில் பலத்த சந்தேகம் எழுந்திருக்கிறது. பாமாயிலுக்காகக் காட்டை அழித்துவிட்டுக் கப்பல் புகையைக் குறைத்தோம் என்று சொல்ல முடியாது. கப்பலில் ஏறும் எண்ணெய் எந்தக் கடையிலிருந்து வந்தது என்று காகிதத்தில் தெரிய வேண்டும். பலகாரக்கடைப் பதிவேட்டில் வாங்கியது எத்தனை லிட்டர், மிஞ்சியது எத்தனை என்று தேதியோடு இருந்தால் திருட்டு அங்கேயே பிடிபடும்.