அதுக்கும் ஆப் வந்தாச்சுல்லா!

"போனைக் கொடும்" என்பார். கொடுத்தீர்களோ, தொலைந்தீர்கள்.

குளத்தூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எந்தச் சங்கடத்தைச் சொன்னாலும் அண்ணாச்சி காதில் பாதிதான் விழும். மீதியைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் போனில் ஒரு ஆப் இறங்கிக்கொண்டிருக்கும். மக்காச்சோளத்தைப் பன்னி அழிக்குது என்றால் ஒரு ஆப். உளுந்து விலை படுத்துட்டு என்றால் ஒரு ஆப். மூட்டு வலி என்று முனகியவருக்கு, நடக்கிற அடிகளை எண்ணும் ஆப். அந்த மனுசன் நடக்க முடியாமல்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"அதுக்கும் ஆப் வந்தாச்சுல்லா! நீரு எந்தக் காலத்துலய்யா இருக்கீரு?"

2018-ல் 'உழவன்' செயலி வந்தபோது பட்டன் போன்காரர்களை அண்ணாச்சி பார்த்த பார்வை இருக்கிறதே, துஷ்டி வீட்டில்கூட யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. இப்போது சம்சாரிகள் போனில் மழைக்கென்றே நாலு ஆப் கிடக்கிறது. நாலும் நாலு விதமாகச் சொல்லும். மானாவாரிக் காட்டில் புரட்டாசியில் விதையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தவன் இப்போது குனிந்து பார்க்கிறான். மழை ரெண்டு பேருக்கும் ஒன்றுபோலத்தான் டிமிக்கி கொடுக்கிறது.

இறக்குவதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. அடுத்து ஓடிபி கேட்பார். கரிமூட்டத்தில் கூலி வேலை பார்க்கிற பெரியம்மா ஒருத்திக்கு ரெண்டு ஏக்கர் புஞ்சை உண்டு. வருசம் ஆறாயிரம் தருகிற பி.எம். கிசான் பணம் அவளுக்கு நின்றுபோனது. கேஒய்சி முடியவில்லையாம். ஆதாரில் இருப்பது மகன் நம்பர். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஷிப்ட் முடியாமல் போனைத் தொட முடியாது. அவன் தொடும்போது ஓடிபி செத்திருக்கும். சரி, கைரேகை வைக்கலாமென்றால், சின்ன வயசில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி, அப்புறம் கரி அள்ளி, ரேகை இருந்த இடம் வழுவழுவென்று கிடக்கிறது.

அண்ணாச்சி அசருவாரா? "மூஞ்சியைக் காட்டும் பெரியம்மா, அதுக்கும் ஆப் வந்தாச்சுல்லா!" வந்துதான் இருந்தது, 2023-ல். டவர் கிடைக்கிற கம்மாய்க் கரைக்கு அவளைக் கூட்டிப்போய் உச்சி வெயிலில் நிறுத்தி, "கண்ணைச் சிமிட்டும், இன்னொருக்கா சிமிட்டும்" என்று கத்தினார். புரை விழுந்த கண். அவள் எப்படிச் சிமிட்டினாலும் போன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏய்யா, நான் உசிரோட இருக்கேன்னு அது நம்ப மாட்டேங்குதா?" என்று கேட்டாள் பெரியம்மா.

கடைசியில் தன் பைக்கிலேயே அவளை ஏற்றிக்கொண்டு இ-சேவை மையத்துக்கு அலைந்து, திருப்பூர்க்காரனை லீவு போடவைத்து, காரியத்தை முடித்தவரும் அவர்தான். பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை. வாய்விட்டுத் திட்ட முடியாமல் நான் முழிப்பது இதனால்தான். அத்தனையும் நடந்தது அவர் கால் தேய்ந்ததால். புகழ் மட்டும் ஆப்புக்குப் போய்விடுகிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில்கூட மனுசன் மசியவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. பயிர் முங்கினால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது காப்பீட்டு விதி, ஆப்பிலேயே தெரிவிக்கலாம். மாவட்டத்தில் ஊர் ஊராகக் கரண்ட் இல்லை, டவர் இல்லை. சார்ஜ் செத்த போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, "இனிமே நேரா சேட்டிலைட்தான்" என்றார்.

மடக்கினால் பாரதியை இழுப்பார். காசிப் பேச்சைக் காஞ்சியில் இருந்தபடி கேட்க எட்டயபுரத்துக்காரர் அன்றைக்கே கருவி கேட்டாராம். கேட்டது நிஜம். ஆனால் அந்த 'பாரத தேசம்' பாட்டு கருவியோடு முடியவில்லை. கடைசியில் சாதிக்கு வந்துதான் நிற்கிறது. அண்ணாச்சிக்குக் கருவி வரைக்கும்தான் மனப்பாடம்.

அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்து உசிலம்பட்டிப் பள்ளியில், 2023 செப்டம்பரில், சமைப்பவர் பட்டியலினப் பெண் என்பதால் பிள்ளைகள் சிலர் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று செய்தி வந்தது. கனிமொழி எம்.பி. நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "காலைச் சாப்பாட்டுக்கும் ஆப் இருக்குல்லா? எத்தனை மணிக்குச் சமைச்சாங்கன்னு பதிவாயிரும்" என்றார். எனக்குச் சுரீரென்றது. எதனால் தட்டைத் தள்ளினார்கள் என்பதற்கு அதில் கட்டம் உண்டா அண்ணாச்சி? கேட்டேன். டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிட்டார்.

இந்த ஊரில் வாட்ஸப் குரூப் தெருவாரியாக இருக்கிறது. அவர் அட்மினாக இருக்கிற எதிலும் காலனி நம்பர் ஒன்றுகூடக் கிடையாது. பெரியம்மாவுக்காகக் காலனிக்குப் போய் வந்த பைக் அவருடையதுதான். குரூப்புக்கு மட்டும் அந்த வழி தெரியாது போல.

போன வாரம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆப் இறக்கியிருந்தார். "சரியா இருக்கான்னு பாரும்" என்று தன் போனையே நீட்டினார். பொண்ணு பி.இ., சென்னையில் வேலை. வேலை, சம்பளம், ஊர், உயரம் எல்லாவற்றிலும் 'எதுவானாலும் சரி' என்று தாராளமாகத் தட்டிக்கொண்டே வந்தார். சாதி என்ற கட்டம் வந்தது. தட்டினார். அதற்குக் கீழே உட்பிரிவு. அதையும் தட்டினார்.

"பார்த்தீரா, எவ்வளவு வசதியா பிரிச்சி வச்சிருக்கான்!"