ஆண்டவரை எப்படிக் கூப்பிடுவது

மலாக்காவில் கிறிஸ்தவர்களை முதலில் நெருக்கியவர்கள் கிறிஸ்தவர்களே. 1641இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். கத்தோலிக்கரின் செயின்ட் பீட்டர் தேவாலயம் எழுந்தது 1710இல்தான். பிற்பாடு, மலேசியாவில், கடவுளின் பெயரே வழக்காயிற்று. கத்தோலிக்க இதழான ஹெரால்டின் மலாய்ப் பக்கங்களில் ‘அல்லா’ என்று எழுதலாம் என 2009இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடாது என்றது. அதே இதழின் தமிழ்ப் பக்கங்களுக்கு அந்த வழக்கில் வேலையே இல்லை.

தமிழர் அந்தச் சண்டையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்கள். கத்தோலிக்கர் நெடுங்காலம் ‘சருவேசுரன்’ என்றனர்; சீர்திருத்தச் சபையார் ‘பராபரன்’ என்றும் சொல்லி, ‘தேவன்’ என்பதில் வந்து நின்றனர். இரு தரப்பும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் ‘கடவுள்’ என்றது. கட்டுப்பாடான பெந்தெகொஸ்தே வீடுகளில் அந்தச் சொல் இன்னும் படியேறவில்லை. அங்கே தேவன், கர்த்தர், ஸ்தோத்திரம் எல்லாம் சமஸ்கிருதம். ஆனால் அவை வேதபாஷை. நெற்றிப் பொட்டுதான் புறமதம். தலையில் வைக்கும் மல்லிகையும் அப்படியே. தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு அக்கா தீபாவளிக்குக் கொடுத்தனுப்பும் முறுக்கு மட்டும், கண்ணை மூடி ஒரு ஜெபம் செய்தால், சரியாகிவிடுகிறது.