பழுப்பு வளையம்

சென்ற வாரம் ரசாயனப் பிராக்டிகல் பரீட்சையை முடித்துக்கொண்டு வந்த என் தங்கை பேரன், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "பெரிய தாத்தா, லெட் நைட்ரேட்டு! ரொம்ப ஈஸி!" என்று அறிவித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம், நான் கேட்ட முதல் கேள்வி வரைக்குந்தான் நிலைத்தது. "பழுப்பு வளையம் நன்றாக வந்ததா?" என்றேன். "எழுதிட்டேன் தாத்தா" என்றான். வந்ததா என்ற வினாவுக்கு எழுதிவிட்டேன் என்பது விடையாகுமா என்று நான் விசாரணையைத் தொடர்வதற்குள் அவன் கைபேசியோடு மாடி ஏறிவிட்டான். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இந்த அநியாயத்துக்குப் பரிகாரமாக என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் தர்க்க சாஸ்திரிகள், அறிவைப் பெறும் வழிகளாகப் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று நான்கு பிரமாணங்களை வகுத்து, கண்ணால் காண்பதற்கு முதலிடமும் பெரியோர் சொல்லுக்குக் கடைசி இடமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். நமது ஆய்வுக்கூடங்களில் அந்த வரிசை தலைகீழாக அனுஷ்டிக்கப்படுகிறது. முதற்பிரமாணம் லேப் அட்டெண்டரின் திருவாக்கு. உப்பைக் காகிதத்தில் மடித்துத் தரும்போதே, எங்கோ பார்த்துக்கொண்டு, "சூடு பண்றப்ப படபடன்னு தெறிக்கும், தம்பி, மூஞ்சியைத் தள்ளி வச்சுக்கோ" என்று அவர் காருண்யத்தோடு மொழிந்துவிட்டால், அது ஈய நைட்ரேட்டு என்பதில் எவனுக்கும் சந்தேகம் எழுவதில்லை. அவர் வாய் திறக்காத துர்ப்பாக்கிய தினங்களில் அனுமானம் கைகொடுக்கிறது: நீலமாயிருந்தால் தாமிரம், பச்சையாயிருந்தால் நிக்கல். கரிமச் சேர்மமாயின் மூக்கே குரு. வாதுமைக் கசப்பு வாசனையானால் பென்சால்டிஹைடு, லவங்கப்பட்டை மணத்தால் சின்னமால்டிஹைடு, ஆஸ்பத்திரி வராந்தா நினைவுக்கு வந்தால் பீனால். இப்படி முடிவைக் கண்டுகொண்ட பிறகே, முகூர்த்தம் வைத்துப் பத்திரிகையும் அச்சடித்த பின் ஜாதகம் பார்க்க உட்காரும் சம்பந்தி வீட்டாரைப் போல, நம் மாணவர்கள் சோதனைக் குழாயைக் கையில் எடுக்கிறார்கள். சோதனை, காண்பது, அறிவது என்று கோடு போட்ட தாளில் மூன்றாவது பத்தி முதலிலும், இரண்டாவது பத்தி பிறகும், முதற்பத்தி மணி அடிப்பதற்குச் சற்று முன்பும் நிரம்புகின்றன.

1841-இல், இன்னும் 23 வயது நிறையாமல் ஜெர்மனியின் பான் நகரில் மாணவராயிருந்த பிரெசீனியஸ், இன்னது என்று தெரியாத ஒரு பொருளை இன்னின்ன வரிசையில் இன்னின்ன கரைசல்களால் சோதித்து, உலோகங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து அடையாளம் காணும் முறையைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். ஒன்றும் தெரியாதவன் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லும் அந்த முறை, எல்லாம் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு எதற்கு?

யோசனைக்கு வருகிறேன்; அதற்கு முன் வளையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழுப்பு வளையம் எளிதில் தரிசனம் தரும் வஸ்து அன்று. உப்பின் கரைசலோடு புதிதாகக் கரைத்த பெரஸ் சல்பேட்டுக் கரைசலைச் சேர்த்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தை உட்சுவரை ஒட்டி மெல்ல மெல்ல இறக்கினால், கனத்த அமிலம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ள, அமிலமும் கரைசலும் சந்திக்கும் எல்லையில் நைட்ரேட்டிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு பிறந்து, மிச்சமுள்ள பெரஸ் அயனியோடு கூடிப் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய வளையமாக நிற்கும். குழாயை ஆட்டினால் போயிற்று, சூடேறினாலும் போயிற்று. உப்பில் புரோமைடோ அயோடைடோ கலந்திருந்தால் அவையே பழுப்பைக் கிளப்பிவிட்டு ஆளை ஏமாற்றும். இவ்வளவும் போதாதென்று, பெரஸ் சல்பேட்டுக் கரைசல் காற்றுப் பட்டால் பெரிக்காக மாறிப்போகும். மாறிய கரைசலில் எத்தனை குடம் அமிலத்தை ஊற்றினாலும் வளையம் வராது. நம் கூடங்களிலோ, ஜூன் மாதம் கரைத்து வைத்த புட்டி பிப்ரவரியில் காவி நிறம் பெற்று, அடியில் வண்டல் படிந்து, சந்நியாசம் வாங்கிக்கொண்ட நிலையில் அலமாரியில் வீற்றிருக்கிறது. அந்தப் புட்டியிலிருந்து வளையம் எழுவது அசம்பாவிதம். ஆயினும், அதைப் பயன்படுத்திய அத்தனை பேர் விடைத்தாளிலும், 'இரு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் தோன்றுகிறது' என்ற வாக்கியம், ஒரு கமா குறையாமல் தோன்றத்தான் செய்கிறது.

நான் எக்ஸ்டர்னலாகப் போயிருந்த ஓர் ஊரில், அப்படி எழுதியிருந்த மாணவன் ஒருவனிடம், "எங்கே அப்பா, அந்த வளையத்தைக் காட்டு" என்றேன். அவன் குழாயை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, "இப்பத்தான் சார் கலைஞ்சுது" என்றான். ரசாயனப்படி அது அப்பழுக்கற்ற விடையாதலால் மதிப்பெண் போடுவதைத் தவிர எனக்கு வேறு கதி இருக்கவில்லை. கார்பனேட்டு உப்பைப் பெற்றவன் எழுதிய தாளிலும் வளையத்தைக் கண்டிருக்கிறேன். பக்கத்து மேஜைக் குழாயிலிருந்து அது இடம்பெயர்ந்து வந்திருக்க வேண்டும். பழுப்புப் பென்சிலால் படம் வரைந்து, சந்தேகத்துக்கு இடமின்றி அம்புக்குறியும் போட்டிருந்த சித்திரக்காரர்களும் உண்டு. குழாயில் வராத வளையம் தாளில் வட்டம் பிசகாமல் வந்திருந்தது.

சர்வீஸில் இருந்த காலமெல்லாம், பரீட்சை தினத்தன்று காலையில் அந்தக் கரைசலைப் புதிதாகத் தயாரிக்க வேண்டும் என்று நான் மன்றாடியதன் பலனாக எனக்குக் கிடைத்தது 'பெரஸ் சார்' என்ற பட்டப்பெயர். ஓய்வு பெற்ற மறுவருஷம் கடைத்தெருவில் எதிர்ப்பட்ட பழைய மாணவன் ஒருவன், "வெளிக்காற்றுப் பட்டு சார் பெரிக் ஆயிட்டார்டா" என்று தன் சிநேகிதனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஆக்ஸிஜனேற்றமாவது அவனுக்கு நினைவிருக்கிறதே என்று ஒரு கணம் பூரித்துப்போனேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

என் யோசனை என்னவென்றால்... இடம் சுருங்கிவிட்டது. ஆகவே, வீட்டில் பிராக்டிகல் எழுதும் பிள்ளைகளை உடையவர்களிடம் ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறேன். ஈய உப்பின் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட்டால் மஞ்சள் வீழ்படிவு உண்டாகும். அதை வெந்நீரில் கொதிக்கவைத்தால் நிறமின்றிக் கரையும். ஆறவிட்டால் பொன் துகள்களாய்த் தகதகவென்று இறங்கும். ஆறும்வரை காத்திருக்கப் பொறுமையின்றி, 'பொன்னிறத் துகள்கள்' என்று எழுதிவிட்டுக் குழாயைக் கழுவுவதே வழக்கமாகிவிட்டது. உங்கள் பிள்ளையைச் சில நிமிஷம் அந்தக் குழாயை ஸ்டாண்டில் நிறுத்திவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த பிறகு அதைத் தொட்டியில் ஊற்றாமல், கழிவுக்கென்று வைத்திருக்கும் ஜாடியில் ஊற்றச் சொல்லுங்கள், ஈயம் விஷம்.