மைதானத்து வானத்தைப் பூட்டுவது எப்படி?

விளையாட்டு மைதானத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளராகப் புதிதாகப் பதவியேற்றிருக்கும் அன்பர்களுக்கு வாழ்த்துகள். மாலையும் சால்வையும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இனி ட்ரோனைப் பார்ப்போம்.

முதலில் வாசல்களைப் பலப்படுத்துங்கள். உலகெங்கும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குங்கள், பையைக் குடையுங்கள், குடைக்காரரைத் திருப்பி அனுப்புங்கள். இந்தக் கலையின் உச்சம் பெல்கிரேடின் பார்ட்டிசான் மைதானம். 2014 அக்டோபர் 14 அன்று, யூரோ 2016 தகுதிச் சுற்றில் அங்கே செர்பியாவும் அல்பேனியாவும் மோதின. இரண்டு நாடுகளுக்கும் ஆகாது. அதனால் அல்பேனிய ரசிகர்களுக்கு டிக்கெட்டே கிடையாது என்று முடிவாயிற்று. ஆளை உள்ளே விட்டால்தானே வம்பு? முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் ‘அகண்ட அல்பேனியா’ வரைபடம் போட்ட கொடி ஒன்று, யாரிடமும் டிக்கெட் காட்டாமல், ட்ரோனில் தொங்கியபடி களத்துக்கு மேலே மிதந்து வந்தது. செர்பியத் தடுப்பாட்டக்காரர் ஸ்டெஃபான் மித்ரோவிச் எட்டிப் பிடித்துக் கொடியை இழுத்தார். அதைப் பறிக்க அல்பேனிய வீரர்கள் ஓடி வந்தார்கள். பிறகு கைகலப்பு, களத்துக்குள் குதித்த ரசிகர்கள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவர் மார்ட்டின் அட்கின்சன் 42-ஆவது நிமிடத்தில் நிறுத்திய ஆட்டம் பிறகு தொடரவே இல்லை.

அடுத்து நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். செர்பியத் தரப்பு முக்கியப் பிரமுகர்களின் மாடத்தில் இருந்த அல்பேனியப் பிரதமரின் சகோதரரைக் கைகாட்டியது. அவர் மறுத்தார். பக்கத்துத் தேவாலயத்திலிருந்து தானே இயக்கியதாகப் பிற்பாடு வேறொருவர் உரிமை கொண்டாடினார். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமோ, முதலில் செர்பியா 3-0 என வென்றதாக அறிவித்துவிட்டு, அதே மூச்சில் செர்பியாவின் மூன்று புள்ளிகளையும் பிடுங்கியது. 2015 ஜூலையில் லோசானிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் அதைத் தலைகீழாக்கி, அல்பேனியா 3-0 என வென்றது என்றது. ஆகவே பாதுகாப்பு பட்ஜெட்டில் வழக்கறிஞருக்கு மறக்காமல் ஒரு தொகை ஒதுக்குங்கள். நாற்காலிகளைத் தரையோடு திருகி வையுங்கள்.

வாசல் முடிந்ததும் சட்டம். அமெரிக்காவில் 30,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய மைதானத்தில் பெரிய பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள் நடந்தால், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்புவரை, சுற்றிலும் சுமார் ஐந்தரை கிலோமீட்டருக்கு, 3,000 அடி உயரம் வரை எதுவும் பறக்கக் கூடாது. தெளிவான, அழகான உத்தரவு. 2023 பருவத்தில் மட்டும் தங்கள் ஆட்டங்களின்போது 2,845 ட்ரோன்கள் அத்துமீறியதாக அந்நாட்டுக் கால்பந்து லீக் கணக்குச் சொன்னது. பெரும்பாலும் அந்த உத்தரவைக் கேள்விப்படாத, புதுப் பொம்மையை வெளிச்சத்தில் பறக்கவிட்டுப் பார்க்கிற அப்பாவிகள் என்கிறார்கள். நமக்கு அது ஆறுதல். ஆனால் கீழே இருந்து பார்க்கும்போது அப்பாவியின் ட்ரோனும் பாவியின் ட்ரோனும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கண்டுபிடிக்கும் கருவிகள் நிறைய விற்பனைக்கு உண்டு. ரேடார் பறவையைப் பார்த்தும் கூவும். வானொலி அலையை ஒட்டுக்கேட்கும் கருவி கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் அலையே விடாமல், முன்கூட்டிப் பதித்த பாதையில் பறக்கும் ட்ரோனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கேமராவுக்கு மூடுபனி ஆகாது. ஒலிவாங்கியை மைதானத்தில் வைப்பவரின் நம்பிக்கையைப் பாராட்டத்தான் வேண்டும். நான்கையும் வாங்குங்கள், விற்பவர் மகிழ்வார்.

கண்டுபிடித்தபின் பதறாதீர்கள். 2018 டிசம்பரில் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தெரிகிறது என்று தகவல் வந்தது. ஓடுபாதையை மூடினார்கள், ஏறத்தாழ ஆயிரம் விமானங்கள் பாதிக்கப்பட்டன. ஒரு தம்பதியைப் பிடித்துப் பிறகு குற்றமில்லை என்று விட்டார்கள். அந்த ட்ரோன் இன்றுவரை அகப்படவில்லை. பார்த்ததாகச் சொல்லப்பட்டவற்றில் சில, தேடுவதற்குப் போலீஸே பறக்கவிட்ட ட்ரோனாக இருக்கலாம் என்று காவல்துறைத் தலைவரே ஒப்புக்கொண்டார். எனவே தேடும் ட்ரோனுக்குப் பளிச்சென்று ஒரு நிறம் அடித்துவிடுங்கள்.

இனி வீழ்த்தும் படலம். கையில் கிடைத்ததை எறிவது ஆதி முறை. 2019 அக்டோபரில் லக்ஸம்பர்க்கில், டூடலாஞ்ஜ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அரசியல் கொடியோடு வந்த ட்ரோனை நோக்கி, அசர்பைஜானின் கராபாக் வீரர்கள் பந்தை உதைத்துப் பார்த்தார்கள். 2020 ஆகஸ்டில் மின்னியாபொலிஸில் பேஸ்பால் வீரர்கள் பந்தை எறிந்து பார்த்தார்கள். கோல்கீப்பரைத் தாண்டிப் போடத் தெரிந்தவர்களுக்கும் இது கைகூடவில்லை. இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்டு காட்டிய வழி வேறு: 2022 ஜனவரியில் ட்ரோன் வந்ததும் வீரர்களை உள்ளே அழைத்துக்கொண்டு, அது போகும்வரை காத்திருந்தார்கள். முதல் பாதியோடு 19 நிமிடம் கூடுதல் நேரம் சேர்ந்தது. தேநீர்க் கடைக்காரர் யாரும் புகார் சொன்னதாகத் தகவல் இல்லை.

அலைத்தடுப்புக் கருவி வாங்கிவிடலாமே என்பீர்கள். பெரும்பாலான ட்ரோன்கள் பேசுவது வைஃபை பேசும் அதே 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக, வாசலில் டிக்கெட் ஸ்கேனரும் வைஃபையை நம்பியிருக்கும் மற்றதெல்லாமும் சேர்ந்து செத்துப்போகும். தொடர்பு அறுந்த ட்ரோன் என்ன செய்யும் என்பது அதன் தயாரிப்பாளர் எழுதிவைத்த தலையெழுத்து: சிலது புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும், சிலது அங்கேயே தொங்கும், சிலது நேர்கீழே இறங்கும். நேர்கீழே இருப்பது எது? உங்கள் ‘சி’ பகுதி, வரிசை 14.

சுட்டுவிடலாமா என்று கேட்பவர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி ட்ரோனும் விமானம்தான். விமானத்தைச் சேதப்படுத்தினால் இருபது ஆண்டுவரை சிறை. 2018-இல் வந்த சட்டம் ட்ரோனை வீழ்த்தும் அதிகாரத்தை ஒரு சில மத்திய அமைப்புகளுக்கு மட்டும் கொடுத்தது. உள்ளூர் போலீஸால் அண்ணாந்து பார்க்க முடிந்தது, அவ்வளவே. உலகக் கோப்பைக் கால்பந்து நெருங்கிய பிறகு, 2025 டிசம்பரில்தான் அவர்களுக்கும் வழி பிறந்தது.

சட்டமும் வேண்டாம், அலையும் வேண்டாம் என்பவர்கள் கழுகு வளர்க்கலாம். கேலி இல்லை. நெதர்லாந்து போலீஸ் 2016-இல் கழுகுகளை வேலைக்கு எடுத்தது. பிரான்ஸின் விமானப்படை இன்னும் நேர்த்தி: மோன்-த-மார்சான் தளத்தில் நான்கு பொன்னிறக் கழுகுக் குஞ்சுகளைப் பிறந்ததிலிருந்து ட்ரோன் மேலேயே வைத்து ஊட்டி வளர்த்தார்கள். ட்ரோன் என்றால் சாப்பாடு என்று மனதில் பதிந்துவிட்டது. விசிறி நகத்தை வெட்டாதிருக்கத் தோலும் கெவ்லாரும் சேர்த்து உறை தைத்துக் கொடுத்தார்கள். துமாவின் நாவலிலிருந்து தார்த்தஞ்ஞான், ஆத்தோஸ், போர்த்தோஸ், அராமிஸ் என்று பெயரும் சூட்டினார்கள். படம் எடுத்தால் பத்திரிகையில் முதல் பக்கம் நிச்சயம். நெதர்லாந்தோ 2017 கடைசியில் திட்டத்தை மூடிவிட்டது. செலவு அதிகம், தேவை குறைவு, தவிர கழுகுகள் எப்போதும் சொன்னபடி கேட்கவில்லை என்றார்கள். அரசு ஊழியருக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று புகார்களும் இவைதான்.

நீங்களே அழைத்துவந்த ட்ரோனையும் எண்ணிக்கையில் சேருங்கள். 2015 டிசம்பரில் இத்தாலியின் மடோனா தி காம்பீலியோவில் மார்செல் ஹிர்ஷர் பனிச்சறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் நூலிழையில் தொப்பென்று விழுந்தது விரோதியின் ட்ரோன் இல்லை, ஒளிபரப்புக்காக வந்த கேமரா. அவர் இரண்டாமிடம் பிடித்தார். பனிச்சறுக்குக் கூட்டமைப்பு கேமரா ட்ரோன்களுக்குத் தடை போட்டது.

இன்னொரு வழியும் உண்டு. டெண்டர் விட முடியாது என்பதால் சொல்லத் தயங்குகிறேன். ட்ரோனை விட்டுவிட்டு அதைப் பறக்கவிடுகிறவரைத் தேடுவது. அவர் பெரும்பாலும் அருகில்தான், கார் நிறுத்தத்திலோ மொட்டை மாடியிலோ, கையில் பெட்டியும் கண்ணை மேலேயும் வைத்துக்கொண்டு நிற்பார். 2017 நவம்பரில் கலிஃபோர்னியாவின் இரண்டு மைதானங்கள் மேல் ஒரே நாளில் துண்டுப் பிரசுரம் தூவியவரும் பிடிபட்டார். ஆளைத் தேட, நடக்கத் தெரிந்த நாலு காவலர் போதும். பைனாகுலர் இருந்தால் விசேஷம்.

கிளம்பும் முன் உங்கள் சொந்த அணியின் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சேன்ட் எத்தியேனில் நியூசிலாந்துப் பெண்கள் பயிற்சி செய்வதை மேலேயிருந்து எட்டிப் பார்த்த ட்ரோன், எதிரணியான கனடாவின் பணியாளருடையது. பிரெஞ்சு போலீஸ் ஆளைப் பிடித்தது. பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மனுக்கு ஓராண்டுத் தடை, கனடாக் கால்பந்துச் சங்கத்துக்கு இரண்டு லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம், அணிக்கு ஆறு புள்ளிகள் கழிவு. கனடாப் பெண்கள் பிரிவுச் சுற்றின் மூன்று ஆட்டங்களையும் வென்று, கழித்தது போக மிஞ்சிய மூன்று புள்ளிகளோடு கால் இறுதிக்குப் போய்விட்டார்கள்.