முல்லைக்கு எது வேண்டும்?

கே: முல்லைக்கொடி மாடி வரை ஏறிவிட்டது. இலை மண்டுகிறது, பூவைக் காணோம். என்ன உரம் போடலாம்?

ப: உரம் அப்புறம். முதலில் கத்தரியை எடுங்கள். முல்லை பூப்பது புதுத் துளிரில். பழைய கொடியை நீளவிட்டால் தழைதான் மிஞ்சும். ஜனவரி கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுங்கள். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும். காய்ந்த குச்சி, நோய் கண்ட கிளை எதையும் விட்டுவைக்காதீர்கள். பிறகு வேரைச் சுற்றிக் கொத்தி, மக்கிய தொழுவுரம் இட்டு, நீர் பாய்ச்சுங்கள். ஆசையாய் வளர்த்த கொடி மொட்டையாக நிற்பதைப் பார்க்க மனசு கேட்காதுதான். துளிர் வந்து அரும்பு கட்டும்வரை பொறுங்கள், அந்த வருத்தம் போய்விடும்.

கே: மல்லிகைக்கும் ஜனவரிதானா?

ப: இல்லை. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி, பிச்சிக்கு டிசம்பர் கடைசி.

கே: நர்சரியில் முல்லை என்று சொல்லித் தந்தது பிச்சியோ என்று சந்தேகம். பூக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

ப: வேண்டாம், இலையே சொல்லிவிடும். முல்லையில் நடுவே ஒரு பெரிய இலை, அதன் அடியில் இருபுறமும் காது மாதிரி இரண்டு குட்டி இலைகள். பிச்சியில் ஒரே காம்பில் ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். அரும்பு வந்துவிட்டால் இன்னும் சுலபம்: பிச்சி அரும்பின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு ஓடும்.

கே: இலை மஞ்சளாகிறது. தண்ணீர் போதவில்லையா?

ப: நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்துத் தெளியுங்கள். அடியிலை மஞ்சளாகி மண்ணும் சொதசொதவென்று இருந்தால், தண்ணீர் கூடிப்போயிற்று.

கே: செங்காந்தள் நம் மாநில மலராயிற்றே, வீட்டில் வளர்க்கலாமா? இரண்டு வயதில் பேத்தி இருக்கிறாள்.

ப: கூடவே கூடாது. அழகில் அதற்கு இணை கிடையாது. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு ஏறும் கொடி அது. மூலனூர், தாராபுரம் பக்கம் மருந்துக்கான விதைக்காகவே பயிரிடுகிறார்கள். ஆனால் செடி முழுக்க விஷம், கிழங்கில் இன்னும் அதிகம். பூத்து ஓய்ந்ததும் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். மண்ணைக் கிண்டி விளையாடும் குழந்தையின் கையில் அது அகப்படக் கூடாது. பேத்தி வளரும்வரை சங்குப்பூ போடுங்கள்.