பசுமை பாக்கப் போற பேராண்டிக்கு

ஏண்டா பேராண்டி, நெய்வேலிச் சுரங்கத்தைச் சுத்திப் பாக்கப் போறியாமே? தோண்டின பள்ளத்தை மூடி, அதுமேல காடு வளத்திருக்காங்களாம், பஸ்சுல கூட்டிப்போயி காட்டுறாங்களாம். நல்லாப் போயிட்டு வா. தொப்பி வாங்கிட்ட, கண்ணாடியும் வாங்கிட்டபோல. ஆனா அந்தப் பச்சைக் கண்ணாடியை மட்டும் பஸ்சுலயே கழட்டி வச்சிடு. அதைப் போட்டுக்கிட்டா மண்மேடுகூட மரகதமாத்தான் தெரியும்.

மொதல்ல பார்வை மேடையில ஏத்துவாங்க. கீழ ஒரு ராட்சச மிஷினு சக்கரம் சுத்திக்கிட்டு நிக்கும். வாளி ஒவ்வொண்ணும் 1,400 லிட்டர் புடிக்கிற மிஷினெல்லாம் அங்க உண்டு. வாயைப் பொளந்துக்கிட்டு செல்ஃபி எடுப்ப, எடுத்துக்கோ. ஜம்புலிங்க முதலியாரு தன் நெலத்துல தண்ணிக்குத் தோண்டப்போயி கருப்பா நெலக்கரி வந்த கதையையும் சொல்லுவாங்க. 1957-ல நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவச்சதையும், 1961-ல கரி வெளிய வந்ததையும் சொல்லுவாங்க. கைதட்டு. கைதட்ட வேண்டிய கதைதான்.

தட்டி முடிச்சதும் மெதுவா கேளு: "சார், ஒரு டன் கரிக்கு அஞ்சாறு கன மீட்டர் மண்ணை அள்ளிக் கொட்டணுமாமே, அந்த மண்ணெல்லாம் எங்க சார்?" நீ நிக்கிற காடே அதுமேலதாண்டா நிக்குது. ஐம்பது மீட்டர், சில எடத்துல நூறு மீட்டர் ஆழத்துல காலங்காலமா வெளிச்சம் பாக்காம கெடந்த மண்ணு. அதுல மக்கு இல்ல, சத்து இல்ல, புழு இல்ல. அந்த மண்ணுல தக்கைப்பூண்டு, சணப்பை வெதைச்சு மடக்கி உழுது, கோயமுத்தூரு வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்களோட சேந்து பயிர் வச்சுப் பாத்திருக்காங்க. சும்மா சொல்லக்கூடாது, லேசுப்பட்ட வேலை இல்ல அது. நம்ம மாமன் மச்சானெல்லாம் மேல்மண்ணு நெலத்துலயே ஒழுங்கா களை எடுக்கறது கெடையாது.

அதனால குத்தம் சொல்லாத, கேள்வி மட்டும் கேளு. மேல்மண்ணைத் தனியாச் சுரண்டி எடுத்து வச்சீங்களா? வச்சிருந்தா அதை எந்தப் பக்கம் திரும்பப் போட்டீங்க? இந்த ரெண்டைக் கேட்டாலே கைடு உன்னை மேலும் கீழும் பாப்பாரு. அடுத்து மரத்தைக் காட்டுவாங்க. சவுக்குன்னா தலையாட்டு, தைலமரம்னாலும் தலையாட்டு. அதுங்க எங்க போட்டாலும் வரும். நீ பண்ருட்டிக்காரன் பேரன்னு சொல்லிட்டு, "பலா எங்க சார், முந்திரி எங்க?"ன்னு கேட்டு வை. இருந்துச்சுன்னா ஒரு பழம் அறுத்துத் தரச் சொல்லு, காசு குடுத்துடு.

இன்னொரு கூத்து உண்டு. அந்தக் கரியே ஒரு காலத்துக் காடுதாண்டா. கோடிக்கணக்கான வருசமா மண்ணுக்குள்ள அமுங்கிக் கெடந்த மரம். அந்தக் காட்டைத் தோண்டி எரிச்சுட்டு, அதே எடத்துல கன்னு நட்டு "காடு வந்துடுச்சு"ங்கறோம். பாட்டனை வித்து பேரனுக்குத் தொட்டில் வாங்குறான் மனுசன்.

தண்ணி சமாசாரத்தை விட்டுடாத. கரிக்குக் கீழ இருக்கற ஊத்து, சதுர சென்டிமீட்டருக்கு 6-லேருந்து 8 கிலோ அழுத்தத்துல மேல முட்டிக்கிட்டு நிக்குது. அதை ராவும் பகலும் எறைக்காட்டி சுரங்கத்தோட தரையே பொத்துக்கும். எறைச்ச தண்ணியில கொஞ்சம் வாலாஜா ஏரிப் பக்கம் போவுது, பாசனத்துக்கு ஒத்தாசைதான். நெய்வேலி நெலத்தடித் தண்ணி உங்க மெட்ராசுக்கும் குழாயில வந்திருக்கு. ஆனா சுத்துப்பட்டு ஊருல கெணறு எவ்வளவு ஆழம் எறங்கியிருக்குன்னு காட்டுற மேடை எதுவும் அந்தப் பயணத்துல கெடையாது. பஸ்சு திரும்பறப்ப ஒரு டீக்கடையில நிறுத்தச் சொல்லி, அங்க இருக்கற பெருசுகிட்ட போர் எத்தனை அடின்னு விசாரி. டீக்காசும் நீயே குடு, அப்பத்தான் பேசும்.

அப்படியே வளையமாதேவிப் பக்கம் திருப்பச் சொல்லிப் பாரு. 2023 ஜூலையில பரவனாத்துக்குப் புதுக்கால்வாய் வெட்ட, நெல்லு நின்ன வயலுக்குள்ள சுரங்கக் கம்பெனிக்காரங்க மிஷினை எறக்கினாங்க. நெலத்தை எப்பவோ எடுத்து காசு குடுத்தாச்சு, வெதைக்காதேன்னு சொன்னோம்னு அவங்க பக்கத்து நியாயம். ரெண்டு மாசம் பொறுக்கக்கூடாதான்னு நீதிமன்றத்துலயே கேட்டாங்க. இத்தனைக்கும் பயிருக்காக மனசு நொந்த வள்ளலாரோட வடலூரு கூப்பிடு தூரந்தான். இதைக் கைடுகிட்ட கேட்டு வாங்கிக் கட்டிக்காத, அந்தப் பொழைப்புக்காரரு என்னா பண்ணுவாரு பாவம்.

சுரங்க மூடல் திட்டம்னு ஒரு ஏடு இருக்கு. கரி எடுக்கற கம்பெனி மூடறதுக்குன்னு பணத்தைத் தனிக் கணக்குல போட்டு வைக்கணும்னு நெலக்கரி மந்திரி ஆபீசு 2009-லேயே விதி போட்டுச்சு. அந்த ஏட்டைப் பாக்கலாமான்னு கேளு. எடுத்துக் காட்டிட்டாங்கன்னா என் மேல்துண்டை அவங்களுக்குப் போத்திட்டு வா.

கடைசியா உன் கையில ஒரு கன்னைக் குடுத்து நடச் சொல்லுவாங்க. நடு, போட்டோவும் எடு. ஆனா சித்திரை வெயில்ல இதுக்கு யாரு தண்ணி ஊத்துவாங்கன்னு பேரு கேட்டு எழுதிக்கிட்டு நடு. பக்கத்துல உன் பேரு எழுதின பலகை வைப்பாங்க. அது வெயில்ல காயாது, கவலைப்படாத.