கவசம் நமக்கு, படிவம் அமைச்சருக்கு

முகக்கவசம் நோயைத் தடுக்குமா என்று இன்னும் கேட்கிறார்கள். தடுக்கும். மாயமாக அல்ல, ஓரளவுக்கு. பினாங்கில் பிறந்த டாக்டர் ஊ லியென் தே, 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது பஞ்சு வைத்துக் கட்டிய துணிக்கவசத்தைப் போடச் சொன்னார். மாட்டேன் என்று வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்க்கப் போன பிரெஞ்சு டாக்டர் சில நாளில் செத்துப்போனார். நூறு வருஷம் கழித்து, கோவிட் காலத்தில், வங்காளதேசத்தில் 600 கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். பாதி ஊர்களில் வீடு தேடிப் போய் இலவசமாகக் கொடுத்தார்கள். பள்ளிவாசலிலும் சந்தையிலும் நினைவூட்டினார்கள். மற்ற ஊர்களில் 13 விழுக்காட்டினர் அணிந்தார்கள், கொடுத்த ஊர்களில் 42. அறிகுறியோடு வந்த தொற்று 9 விழுக்காடு குறைந்தது. அறுவைசிகிச்சைக் கவசம் கொடுத்த ஊர்களில், 60 வயது தாண்டியவர்களிடம் 35 விழுக்காடு குறைந்தது. ஆய்வுக்காரர்கள் கையில் அபராதப் புத்தகம் இல்லை.

நம் மலேசிய அரசாங்கத்தின் கையில் அதுதான் இருந்தது.

சும்மா குறை சொல்லக் கூடாது, இலவசமும் உண்டு. 2020 ஏப்ரலில் வீட்டுக்கு நாலு கவசம் என்று அறிவித்தார்கள். ஆறு பேர் உள்ள வீட்டில் யார் மூச்சு விடுவது என்று சீட்டுக் குலுக்கச் சொல்லவில்லை, அந்தமட்டும் கருணை. ஒரு நாள் கட்டித் தூக்கி எறிய வேண்டிய கவசத்துக்கு அப்போது உச்சவரம்பு விலை 1.50 வெள்ளி. ஆகஸ்டு 1இல் ஆணை வந்தது. நெரிசலான இடத்தில் கவசம் இல்லையா, 1,000 வெள்ளி கட்டு. நகரங்களுக்கு வெளியே அன்று குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,100. மிச்ச நூறில் கவசம் வாங்கிக்கொள்ளலாம். மறுவருஷம் மார்ச்சில் அபராதத்தின் உச்சவரம்பு 10,000 ஆனது. அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது, நாடாளுமன்றம் பூட்டிக் கிடந்தது, கேட்க நாதியில்லை.

லாபு தோட்டப்புறத்துக்கு அப்போது வந்து பார்த்திருக்க வேண்டும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, அதாவது பி.கே.பி., போட்டார்கள் என்று செம்பனை பழுக்காமல் இருக்காது. ஆகவே வேலை நிற்கவில்லை. காலைப் பெரட்டில் ஒரு மீட்டர் இடைவெளி. நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் துப்பாக்கி. புத்தகத்தில் பேர். மண்டோரின் கவசம் மட்டும் தாடையில், அவர் கத்த வேண்டுமே. பெரட்டு முடிந்ததும், இடைவெளி விட்டு நின்ற அத்தனை பேரும் ஒரே லோரியில் தோளோடு தோள். கிருமிக்கு லோரி ஏறத் தெரியாது போலிருக்கிறது. பத்து மணிக்குள் குலை வெட்டுகிறவனின் கவசம் வியர்வையில் ஊறி மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். மாற்றிக் கட்ட இரண்டாவது கிடையாது. ஆனால் சாயங்காலம் கொமுட்டர் ரயில் மேடையில் அவன் மூக்கு வெளியே தெரிந்தால் சட்டம் ஓடி வரும்.

கவசத்துக்கு 342ஆம் சட்டம். தொழிலாளர் குடியிருப்புக்கு 446ஆம் சட்டம். முதலாவதற்குக் கண் கூர்மை. இரண்டாவது வெகுநாள் கண்ணையே திறக்கவில்லை. 2020 கடைசியில் கிள்ளானில் ஒரு கையுறை நிறுவனத்தின் விடுதிகளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்று. உலகத்தின் கையை எல்லாம் காப்பாற்றுகிற நிறுவனம்! அப்புறம்தான் மனிதவள அமைச்சு சொன்னது: வெளிநாட்டுத் தொழிலாளர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் சட்டப்படியான குடியிருப்பு இல்லாதவர்கள். அடுக்குக் கட்டிலில் படுத்திருப்பவன் தூங்கும்போதும் கவசம் கட்ட வேண்டுமா? 342 சொல்லவில்லை. 446 அதுவரை அந்தப் பக்கம் போகவில்லை.

கூட்டம் கூடாதீர்கள் என்றவர்கள் அதே வருஷம் செப்டம்பர் 26இல் சபாவில் தேர்தல் நடத்தினார்கள். பிரச்சாரம் முடித்துத் திரும்பியவர்களோடு கிருமியும் விமானம் ஏறியது. பிரதமரே பிறகு அதை ஒரு காரணமாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டால் போதும், சம்மன் கிடையாது.

நம் துறைக்கென்று ஓர் அமைச்சர் இருந்தார். தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சர் கைருடின் அமான் ரசாலி. 2020 ஜூலையில் துருக்கி போய் வந்தார். 14 நாள் தனிமைப்படுத்தலை விட்டுவிட்டு நாடாளுமன்றத்துக்கே போனார். ஆகஸ்டில் எதிர்க்கட்சி உறுப்பினர் தெரேசா கோக் சபையில் கேட்ட பிறகுதான் நாட்டுக்கே விஷயம் தெரிந்தது. அபராதம் 1,000 வெள்ளி. அதே வருஷம் கெடாவில் தனிமைப்படுத்தலை மீறிய 72 வயதுப் பாட்டிக்கு ஒரு நாள் சிறை, 8,000 வெள்ளி. அக்டோபரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அமைச்சரின் கோப்பை மூடியது. காரணம்? வீட்டில் இருக்கச் சொல்லும் படிவத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லையாம். கொடுக்காத ஆணையை எப்படி மீறுவது?

சிரம்பான் பக்கத்தில் தோட்டத்து ஆளுக்குச் சம்மன் எழுதிய எந்தக் கையும் படிவத்தை மறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.